அமைதி நேரத்தில் கண் திறந்திருந்தவள்

போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன் ஒரு பழைய போட்டோவைப் போட்டான். எட்டாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, முழங்கால் மேல் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறது. பின்னால் தாளாளரும், வெளிநாட்டிலிருந்து பனியன் ஆர்டர் கொடுக்க வந்த பையர் அம்மாவும் நிற்கிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறாள். இன்னொருத்தன் அந்தத் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ‘அப்பவே சமாதி நிலை!’ என்று எழுதினான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. நமக்கெல்லாம் முப்பத்தைந்தை நெருங்குகிறது. பாதிப் பேருக்குக் கண்ணாடி, சிலருக்குச் சர்க்கரை. நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளில் இப்போது மைண்ட்ஃபுல்னஸ் என்று தனியாக வகுப்பு வைத்திருக்கிறார்கள். ‘இதெல்லாம் நாங்க அப்பவே பண்ணிட்டோம்’ என்று நாம் பெருமை பேசிக்கொள்வதிலும் தப்பில்லை. அன்றைக்கு நீங்கள் எல்லோரும் கண்ணை மூடியிருந்தீர்கள், அதனால் உங்களுக்குத் தெரியாது. போட்டோவின் இடது ஓரத்தில், கரும்பலகைப் பக்கம், பாதி வெட்டுப்பட்டு ஒரு கை தெரிகிறதே, சாக்பீஸ் பிடித்த கை, அது என்னுடையது.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் பெயரை நான் எழுதியவரைக்கும் போதும்.

நெருப்பெரிச்சல் ரோட்டில் நம் பள்ளி இருந்த இடம் தாளாளருடைய பழைய நிட்டிங் குடோன். மிஷின்கள் இருந்த இடமெல்லாம் தரையில் வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வெயில் ஏறினால் வாசம் கிளம்பிவிடும். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்தில் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும். நாம் கரும்பலகை அழித்த டஸ்டர்கூடப் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக் கட்டியதுதான். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறையை எடுத்துவிட்டார்கள், இனி ஆர்டர் கொட்டப் போகிறது என்று டீக்கடை தோறும் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று அப்பா அம்மாக்கள் வீட்டுக்கே வராமல் ஓடினார்கள். நாம் வகுப்பில் அடித்துக்கொண்டோம். ஒரு பையன் இன்னொருத்தன் கையில் காம்பஸால் குத்தி ரத்தம் வந்த பிறகு, பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்று யாரோ சொல்லி, தாளாளர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அமைதி மேடம் என்று நாம் பெயர் வைத்தோம். சுங்கடிச் சேலை, சின்னதாக ஒரு பித்தளை மணி, கேட்பவர்கள் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெல்லிய குரல். தினமும் காலையில் பிரேயர் முடிந்ததும் பதினைந்து நிமிஷம். மூச்சு உள்ளே போவதைப் பார், வெளியே வருவதைப் பார், மனசு ஓடினால் திட்டாதே, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. ஒருநாள் ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்து, கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரைவதைக் கவனிக்கச் சொன்னார். பாதிப் பேர் மணி அடிப்பதற்குள் விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டோம். இன்னொரு நாள், ரொம்ப தூரத்தில் கேட்கிற சத்தத்தைக் கேளுங்கள் என்றார். ஒரு பையன் கண்ணைத் திறக்காமலே, “மேடம், கம்பெனில ஒரு மிஷின்ல ஊசி ஒடஞ்சிருக்குதுங்க. சத்தம் மாறுது” என்றான். மேடம் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி, அதை இப்போதும் சொல்வேன். காம்பஸால் குத்தியவன் இரண்டே மாதத்தில் அடங்கிப்போனான் என்பதும் நீங்கள் பார்த்ததுதான்.

கெடுத்தது நாம் அதைச் செய்த விதம். மேடமும் கண்ணை மூடிக்கொண்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று எச்.எம். கேட்டார். கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சூப்பர்வைசர் நிற்கிறாரே, அதே வழக்கம் வகுப்புக்கும் வந்தது. லீடர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கரும்பலகையோரம் நிற்க வேண்டும். கண் திறந்தவர்கள், சிரித்தவர்கள், சத்தம் போட்டவர்கள் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்ட்டு. மூன்று இன்ட்டு விழுந்தால் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். பலகையின் அந்த மூலையை யாரும் அழிக்கக்கூடாது. அமைதியையும் டார்கெட் வைத்து முடிக்கிற ஊர் நம்முடையது.

லீடர் நான். எனக்கு அதில் இருந்த மிதப்பைக் கொஞ்சநஞ்சம் என்று சொல்ல மாட்டேன். நாற்பது முகங்கள் கண்ணை மூடிக்கொண்டு என் முன்னால் இருக்கும். யார் இமை துடிக்கிறது, யார் தூங்கி வழிகிறார்கள், யார் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். அந்த வருஷம் முழுக்க ஒருநாள்கூட நான் கண்ணை மூடி மூச்சைப் பார்த்ததில்லை. அதை ஏன் என்று ஒருத்தரும் கேட்கவும் இல்லை.

அவள் ஜூன் மாதம் வந்து சேர்ந்தாள். அப்பா கிடையாது. தூத்துக்குடிப் பக்கமிருந்து அம்மாவும் அவளும் மட்டும் வந்து, கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒற்றை அறை எடுத்திருந்தார்கள். அம்மா தாளாளர் கம்பெனியில் செக்கிங். எனக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். அவள் பேச்சைக் கேட்டு நாம் எல்லோரும் சிரித்தோம், அவளும் நம் ‘ங்க’வைக் கேட்டுச் சிரித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. சட்டைக் கையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் செருகி வைத்திருப்பாள். அது வாயைப் பொத்த என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை ஜாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். அறை நிறைய பிசிறு வெட்டுகிற பீஸ்கள். தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குகிற அந்த வேலையை அவள் அம்மா வீட்டுக்கும் வாங்கி வந்திருந்தார். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் பஞ்சு பறப்பது தெளிவாகத் தெரிந்தது. அவள் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து நின்று இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. கழுத்தெலும்புக்கு மேலே தோல் பள்ளம் விழுந்து விழுந்து எழும்பியது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவள் அம்மா ஓடிவந்து கதவைச் சாத்தினார். “ஒண்ணும் இல்ல தாயி, சளிதான். ஸ்கூல்ல சொல்லிராத. டிபின்னு நெனச்சுட்டாவன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாவ. போன மாசம் கோடி வீட்டுக்காரவள அப்படித்தான வெரட்டுனாவ?”

“டாக்டர்கிட்டப் போகலீங்களா?” என்றேன்.

“போனோம். வாயில வச்சு இழுக்க ஒரு பம்பு எழுதிக் குடுத்தாரு. அத ஒருக்க வச்சா சாவுற வரைக்கும் விட முடியாதாம்லா. பொம்பளப் பிள்ளைக்கு அதெல்லாம் வேண்டாம்னு மெடிக்கல்ல மாத்திரைதான் வாங்குதேன்.”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். அவள் மூச்சு ஒருவழியாக இறங்கியதும் என்னைப் பார்த்து, “பஞ்சுதாம்ட்டி, தொண்டையில ஒட்டிக்கிடுது” என்றாள். திரும்பி நடக்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. ரகசியம் தெரிந்திருக்கிறது என்பதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முதல் இன்ட்டு ஆடி மாதக் காற்றில் விழுந்தது. அமைதி நேரத்தில் அவள் இருமினாள். நான் கேட்காத மாதிரி நின்றேன். மேடம் கண்ணை மூடியபடியே, “யாரும்மா அது? லீடர்?” என்றார். எழுதினேன். அடுத்த வாரம் இரண்டாவது. அன்று மணி அடித்த பிறகு மேடம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். “இருமல் உடம்புல இல்லம்மா, மனசுலதான் இருக்கு. எல்லாரும் அமைதியா இருக்கும்போது நம்ம மனசு ஒரு சாக்கு தேடும். வரும்போது மூச்சை மெதுவா அடக்கிப் பாரு, தானாப் போயிடும்” என்றார். அவள் “சரி மேடம்” என்றாள். நான் ஒரு கை தூரத்தில் டஸ்டரோடு நின்றிருந்தேன். சத்தியம் செய்திருக்கிறேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குள்ளாகவே அவள் அம்மாவை ஒரு தடவை பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், ஹோம்வொர்க் நோட்டு இல்லாததற்காக. ஷிப்மென்ட் போகிற நாள். சூப்பர்வைசர் அவரை எல்லோர் முன்னாலும் திட்டித்தான் அனுப்பினார். அன்று சாயங்காலம் அம்மா அவளிடம் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை கூப்பிட்டால் டி.சி.யை வாங்கிக்கொண்டு போய்க் கைமடிக்குச் சேர்த்துவிடுவேன். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்துக் கொடுக்கிற வேலை. அவளுக்குப் பதிமூன்று வயது. இரண்டு வயதைக் கூட்டிச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

“இன்னும் ஒண்ணுதாம்ட்டி பாக்கி இருக்கு. பாத்துக்கோ” என்று அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

பாத்துக்கிறேன் என்றேன்.

ஐப்பசியில் பையர் வருகிறார்கள் என்று சொன்னார்கள். நம் ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியில் சுண்ணாம்பு அடித்து, தீயணைக்கிற சிலிண்டரைத் துடைத்து மாட்டி, எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்து, சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கி வைப்பார்கள். இந்தத் தடவை பையர் அம்மா தொழிலாளிகளின் பிள்ளைகளையும் பார்க்க ஆசைப்பட்டாராம். வகுப்புக்குப் பெயிண்ட் அடித்தார்கள். நாம் உட்காரப் புதுப் பனியன் வேஸ்ட்டில் தடித்தடியாக விரிப்பு தைத்து வந்தது. வெட்டின கையோடு தைத்தது. கையால் தட்டினால் பஞ்சு பறந்தது.

என் அப்பா அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முந்தின நாள் காலையில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “கண்ணு, மொதலாளி என்றகிட்டயே வந்து சொன்னாருங்கறேன். உங்க புள்ளதான லீடரு, பாத்துக்கோங்கன்னு. ஒரு இருமல் தும்மல் சத்தம் கேக்கக்கூடாது. எம் பேரக் காப்பாத்தோணும்.”

“ஆராச்சும் இருமுனா நான் என்னங்கப்பா பண்றது?”

“நீ பாக்கற பார்வைல அடங்கோணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

பையர் வந்த அன்றைக்கு ஃபேன் கிறீச்சிடுகிறது என்று நிறுத்தினார்கள். கம்பெனிச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். பெயிண்ட் வாசம், புதுத் துணி வாசம், நாற்பது பேர் மூச்சு. பையர் அம்மா உயரமாக, வியர்த்துப்போய், வாசலருகே நின்றார். பக்கத்தில் தாளாளர், எச்.எம்., போட்டோகிராபர். மேடம் மணி அடித்தார். நான் சாக்பீஸோடு பலகையோரம் நின்றேன். பலகையில் எல்லாப் பெயரையும் அன்று அழித்திருந்தார்கள். ஆனால் இன்ட்டுக் கணக்கு எச்.எம். நோட்டில் இருந்தது, எல்லோருக்கும் தெரியும்.

நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. அவளை மட்டும் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் அவள் தோள்கள் ஏறி இறங்க ஆரம்பித்தன. கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டாள். கழுத்தில் அந்தப் பள்ளம் விழுந்தது. நெற்றியில் வியர்வை. இருமினால் முடிந்துவிடும், வெளியே ஓடிப்போய் மூச்சு வாங்கலாம். அவள் இருமவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

கண்ணைத் திறந்ததே குற்றம். நான் எழுதவில்லை. அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. போகட்டுமா என்று கேட்டாள். நான் தாளாளர் பக்கம் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழே அமர்த்தி, கொஞ்சம் பொறு என்று ஜாடை காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

விருந்தாளி மெய்மறந்து நிற்பதைப் பார்த்து மேடம் அன்று நேரத்தை நீட்டினார். கடிகாரத்தில் பதினைந்து நிமிஷம் தாண்டியது. அவள் விரல் நுனிகள் நிறம் மாறின. அப்புறம் உதடு. மெதுவாகத் தலை சாய்ந்தது. தாளாளர் பையர் அம்மாவின் காதருகே குனிந்து, அவளைச் சுட்டிக்காட்டி, வெரி டீப் என்றார். பையர் அம்மா நெஞ்சில் கை வைத்தார். போட்டோகிராபர் க்ளிக் செய்தார். நீங்கள் குரூப்பில் போட்டது அந்த போட்டோதான்.

கத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அப்பா முகம்தான் வந்தது, சத்தம் வரவில்லை.

விருந்தாளிக்கு இளநீர் கொண்டுவந்த ஆயாம்மாதான் கத்தினார். “ஐயோ சாமி, புள்ளைக்கு ஒதடு நீலம் பூத்துப் போச்சுங்களே! என்னத்தப் பாத்துட்டு நிக்கறீங்க?” அந்தச் சத்தத்தில்தான் நீங்கள் எல்லோரும் கண்ணைத் திறந்தீர்கள். பக்கத்தில் இருப்பவளைப் பார் என்று நாம் விட்டுவிட்ட பாடத்தை அன்று நடத்தியது அவர்தான். தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனி வேனுக்கு ஓடினார். மேடம் ஏறினார். லீடர் என்று என்னையும் ஏற்றினார்கள். வேனில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் அவள் தலை என் மடியில் கிடந்தது. காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டாள் என்று தாளாளர் பையர் அம்மாவுக்கு விளக்கினாராம், அப்பா பிறகு சொன்னார்.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். விசில் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. டாக்டர் மேடத்தை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன்: “இது ஆஸ்துமா. டிபி இல்ல. பஞ்சுத் தூசி இந்தப் பொண்ணுக்கு ஆகாது. இன்ஹேலர் கட்டாயம் வேணும். வீட்டுல சொல்லிடுங்க, கம்பெனிப் பக்கமே விட்ராதீங்கன்னு.” மேடம் தலையாட்டினார்.

மேடம் கட்டிலருகே வந்து என்னைப் பார்த்தார். “நீ கண்ணைத் திறந்துதானேம்மா இருந்தே?” என்று கேட்டார். அதட்டவில்லை. அதே மெல்லிய குரல்.

“நான் பாக்கலீங்க மேடம். அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தேன்.”

கட்டிலில் அவள் விழித்திருந்தாள். மூடியைக் கையால் விலக்கி, “ஆமா மேடம்” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். “அவ பாக்கல.”

மேடம் அழுதுகொண்டே வெளியே போனார். அன்று மாலையே கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டார் என்றார்கள். பிறகு நம் பள்ளிக்கு வரவே இல்லை. அவர் போன கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா ஓடிவந்தார், தலையெல்லாம் பஞ்சு. மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் இந்தப் பள்ளிக்கொடத்தால வந்தது. மூச்ச அடக்கு மூச்ச அடக்குன்னு எம்பிள்ளையக் கொல்லப் பாத்தாவ. நீ படிச்சுக் கிழிச்சது போதும். என் கண்ணுக்கு முன்னால இரு, என்கூடக் கம்பெனிக்கு வா” என்று அரற்றினார். அவள் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். என் காதில், “எம்பேர எழுதலல்லா?” என்று கேட்டாள்.

“எழுதல.”

“அப்போ சரி. நாளைக்கு வந்திருவேன்.”

டாக்டர் சொன்னதை அப்போதே அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். மேடம் வெளியே பார்த்துச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே அப்பா நின்றிருந்தார். சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “நடந்தத ஆருகிட்டயும் பேசாத கண்ணு. நம்ம பொழப்பு அங்கதான்.”

பையர் அம்மாவுக்கு நம் வகுப்பு ரொம்பப் பிடித்திருந்ததாம். அதனால் மறுநாளும் அமைதி நேரம் இருந்தது, எச்.எம். மணி அடித்தார். நீங்கள் கண்ணை மூடினீர்கள். ஜன்னல் வழியாக ஆபீஸ் வாசல் தெரிந்தது. அவள் அம்மா டி.சி. வாங்க நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்றாள், யூனிபார்ம் போட்டு, பையோடு வந்திருந்தாள். வகுப்புக்கு வருகிற எண்ணத்தில்தான் கிளம்பியிருக்கிறாள். க்ளார்க் காகிதத்தை நீட்டினார். அவள் அம்மா கைநாட்டு வைத்தார். பத்தடி தூரம்தான். பஞ்சு ஆகாதாம், கம்பெனிக்குக் கூட்டிப் போகாதீங்க என்று நான்கைந்து வார்த்தை. ஆனால் அமைதி நேரம். சத்தம் போடுகிறவர்கள் பெயரை எழுதுகிறவளே நான்தானே? அம்மாவும் மகளும் கேட்டைத் தாண்டி, கம்பெனிப் பக்கம் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்களில் யாராவது அதற்குப் பிறகு அவளைப் பார்த்தீர்களா? வீரபாண்டி, அவிநாசி, எந்தக் கம்பெனியிலாவது, எந்த ஆஸ்பத்திரியிலாவது? இருக்கிறாளா என்று மட்டும் சொன்னால் போதும்.